ஹாலில் ஒரு புலி

நண்பர் வீட்டு ஹாலில், டி.வி. இருக்கவேண்டிய இடத்தில் நாலடிக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல வெளிச்சம். நடுவில், தோசைமேல் தோசை அடுக்கியதுபோல விரிந்த ஒரு தட்டுப் பவளம். பேர் மான்டிபோராவாம்.

‘எப்படி இருக்கு?’ என்றார் பெருமையாக.

‘அழகாத்தான் இருக்கு. நடுவுல ஏன் வெள்ளையா இருக்கு?’

‘அதான் புரியல. வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு.’

இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. வெள்ளையாக இருக்கிற இடம் செத்துவிட்டது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதுதான் அதற்கு முக்கியச் சாப்பாடு. அந்த வெளிச்சத்துக்காகத்தான் தட்டாக விரிகிறது. விரிந்த தட்டில் தூசியும் மணலும் உட்காரும். நீரோட்டம் தள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் அந்த இடம் மூச்சுமுட்டிச் சாகும்.

இன்னும் இருக்கிறது. தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்கவேண்டும். லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் வேண்டும். பவளம் கூடு கட்டக் கட்ட அது குறையும். நாம் அளந்து அளந்து ஊற்றவேண்டும். மே மாதம் மத்தியானம் கரண்ட் போனால் நாம் மொட்டைமாடிக்கு ஓடுவோம். அது எங்கே ஓடும்?

‘ஃபாரின்ல எல்லாரும் வளர்க்கறாங்களே?’ வளர்க்கிறார்கள். நன்றாக வளர்க்கத் தெரிந்தவர்கள் தொட்டியிலேயே வளர்ந்ததில் ஒரு துண்டை ஒடித்து இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள். கடலில் கை வைப்பதில்லை. அவர்களுக்கு ஒரு சலாம்.

நம் ஊர்க் கதை வேறு. கல் போன்ற கூடு கட்டும் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. மாட்டினால் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை ஜெயில். அபராதம் தனி. புலிக்குட்டியை ஹாலில் கட்டிப்போட்டு விருந்தாளிக்குக் காட்டுவோமா?

‘இது இம்போர்ட் சார்’ என்பார் கடைக்காரர். இருக்கட்டும். கல் பவளம் எல்லாமே சைட்டீஸ் ஒப்பந்தத்தில் வருகிறது. ஏற்றுமதி செய்த நாட்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு உடனே வாஸ்து மீனுக்குத் தாவும்.

‘ஒரு சின்னத் துண்டுதானே?’ இந்த வசனம் மன்னார் வளைகுடாவுக்குப் பழசு. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் அங்கே பவளத்தைப் படகு படகாக வெட்டினார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல் போய், 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சமிருக்கும் பவளத்திலும் ஒரு பகுதி 2010-லும் 2016-லும் கடல் சூடாகி வெளுத்துச் செத்தது. ஏற்கெனவே குறைந்துபோன கையிருப்பிலிருந்துதான் ‘சின்னத் துண்டு’ கேட்கிறோம்.

சுண்ணாம்புக்கு வெட்டியவனுக்காவது வயிறு இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது, நீல லைட்டைத் தவிர?

தொட்டியே கூடாது என்று சொல்லவில்லை. மீன் வளருங்கள். சாதாரணக் கல் வையுங்கள். பவளம் கடலிலேயே இருக்கட்டும்.

இதையெல்லாம் நண்பரிடமும் சொன்னேன். தலையாட்டினார். ஒரு மாசம் கழித்துப் போனபோது தட்டு முழுக்க வெள்ளை.

‘போயிடுச்சுப்பா’ என்றார் வருத்தமாக. ‘பரவால்ல, வேற ஒண்ணு சொல்லியிருக்கேன்.’