ஆபரேஷனுக்கு முன்பு மாதம் 8 கிலோ... பின்பு ஏன் நின்றது? வெயிட் மெஷின் சொல்லாத கணக்கு!

"கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே மாசத்துல 8 கிலோ இறங்குச்சு தம்பி. கத்தி வெச்சு, 15 நாள் தண்ணி ஆகாரத்துலயே கெடந்து, இப்போ மூணாவது வாரம் மெஷின்ல நம்பர் அசையவே மாட்டேங்குது. இதுக்கா இவ்ளோ செலவு பண்ணேன்?"

திருநீர்மலையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா போன வருடம் என்னிடம் கேட்டது இது. பெயர் போட வேண்டாம், கணக்கை மட்டும் எழுதிக்கோ என்றார். 130 கிலோவில் டாக்டரைப் பார்க்கப் போனார். ஒரு மாத டயட்டில் 122-க்கு வந்தார். பேரியாட்ரிக் சர்ஜரி முடிந்த முதல் இரண்டு வாரத்தில் இன்னொரு 7 கிலோ இறங்கியது. அப்புறம் 115-லேயே நின்றுவிட்டது. தினமும் காலையில் மெஷின், தினமும் அழுகை.

சொந்தக்காரர்கள் வேறு சும்மா இருக்கவில்லை. "டயட்லயே இறங்குதுன்னா ஆபரேஷன் எதுக்கு?" என்று ஒரு சித்தி. "என் ஃபிரெண்டுக்கு முதல் மாசமே 15 கிலோ போச்சே" என்று ஆபீஸில் ஒருவர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த இரண்டு ஒப்பீடுகளுமே தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

முன்பு குறைந்த அந்த 8 கிலோ எதற்கு?

சர்ஜரிக்கு முன்பு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை மிகக் குறைந்த கலோரி டயட் கொடுப்பது வழக்கம். பலர் இதை "எடை குறைப்பின் முதல் ரவுண்டு" என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதன் முக்கிய நோக்கம் கல்லீரல்.

கல்லீரலின் இடது பகுதி இரைப்பைக்கு மேலே படுத்திருக்கும். அதிக எடை உள்ள பலருக்கும் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது பெருத்துப்போயிருக்கும். சிறு துளைகள் வழியாகக் கருவியை விட்டுச் செய்யும் ஆபரேஷனில், இரைப்பையை எட்ட வேண்டுமென்றால் அந்தக் கல்லீரலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது பெரிதாக இருந்தால் டாக்டருக்கு இடமும் இல்லை, பார்வையும் இல்லை. சில வார டயட்டில் கல்லீரல் நன்றாகவே சுருங்கிவிடும். ஆபரேஷனைப் பாதுகாப்பாகச் செய்ய வழி கிடைக்கும்.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. நம் உடல் மாவுச்சத்தை கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். சாதம், இட்லி, தோசையை நிறுத்தியதும் முதலில் காலியாவது இந்த இருப்புதான். முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்குவதற்கு அதுதான் காரணம். இறங்கியதில் கொழுப்பும் உண்டு. ஆனால் எல்லாமே கொழுப்பு இல்லை.

சரி, பின்பு ஏன் நிற்கிறது?

சர்ஜரி முடிந்த முதல் சில நாட்கள் வெறும் திரவ உணவு. பிறகு மசித்த உணவு. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக மாறும்போது உடல் காலியான கிளைக்கோஜனை மறுபடி நிரப்பப் பார்க்கும். அதோடு தண்ணீரும் திரும்பி வரும். ஒரு பக்கம் கொழுப்பு கரைந்துகொண்டே இருக்க, இன்னொரு பக்கம் தண்ணீர் ஏறும். மெஷினுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கூட்டிக் கழித்து "115" என்று காட்டும். மூன்றாவது வாரத்தை ஒட்டி இப்படி ஒரு தேக்கம் பலருக்கும் வரும். அக்காவுக்கும் பத்து நாளில் நம்பர் மறுபடி இறங்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகும் வேகம் ஒரே சீராக இருக்காது. முதல் ஆறு மாதம் வேகமாக இறங்கும், அடுத்த ஆறு மாதம் மெதுவாகும், ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். இதில் கோளாறு எதுவும் இல்லை. 130 கிலோ உடலைச் சுமந்து நடக்க ஆகும் கலோரி, 95 கிலோ உடலுக்குத் தேவையில்லை. உடல் சிறியதாக ஆக, செலவும் குறையும்.

"டயட்லயே இறங்குதே" - சித்தி கேள்விக்கு என்ன பதில்?

மாதம் 8 கிலோ என்றால் ஐந்து மாதத்தில் 40 கிலோ. பேப்பரில் கணக்கு சரிதான். உடலில் அப்படி நடப்பதில்லை.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ் ஆய்வு, சர்ஜரி செய்துகொண்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களையும், அதே அளவு எடையோடு வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் சராசரி எடை கடைசி வரை 2 சதவிகிதத்துக்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் 32 சதவிகிதம் குறைந்து, 10 வருடம் கழித்தும் 25 சதவிகிதம் குறைந்தே இருந்தது. சர்ஜரி செய்த தரப்பில் இறப்பு விகிதமும் குறைவு.

கடும் டயட்டும் உடற்பயிற்சியுமாகக் குறைத்தவர்களுக்கு என்ன ஆனது? அமெரிக்காவின் 'தி பிகெஸ்ட் லூசர்' டிவி ஷோவில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் கலோரி, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 அளவுக்குக் குறைந்திருந்தது. அவர்களுக்கு மனஉறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உடல் பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்து செலவைச் சுருக்கிக்கொண்டது.

சர்ஜரி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் சுமார் 75 முதல் 80 சதவிகிதம் வரை வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடும். டயட்டில் பசியோடு சண்டை போட்டு எடை குறைக்கிறோம். இங்கே பசியே குறைகிறது. அதனால்தான் முதல் மாத டயட்டின் வேகத்தை சர்ஜரியின் வேகத்தோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை என்கிறேன். ஒன்று, ஆபரேஷன் டேபிளுக்குப் போவதற்கான தயாரிப்பு. இன்னொன்று, பல வருடம் தாங்க வேண்டிய மாற்றம்.

எந்த நாளில் இருந்து எண்ணுவது?

அக்காவின் கணக்குக்கே வருவோம். ஒரு வருடம் கழித்து இப்போது 90 கிலோ. முதல் நாள் எடையான 130-ல் இருந்து எண்ணினால் 40 கிலோ, அதாவது 31 சதவிகிதம் குறைந்திருக்கிறது. ஆபரேஷன் நாள் எடையான 122-ல் இருந்து எண்ணினால் 32 கிலோ, 26 சதவிகிதம். ஒரே ஆள், ஒரே ஆபரேஷன். ஆனால் ரிசல்ட் இரண்டு!

ஆபீஸ் நண்பர் சொன்ன "15 கிலோ"வும் இப்படித்தான். 150 கிலோ இருப்பவருக்கு 12 கிலோ குறைந்தாலும், 100 கிலோ இருப்பவருக்கு 8 கிலோ குறைந்தாலும் இரண்டும் 8 சதவிகிதம்தான். ஆரம்ப எடை, வயது, ஆணா பெண்ணா, சுகர் இருக்கிறதா, ஸ்லீவா பைபாஸா என்று எதுவுமே தெரியாமல் கிலோவை மட்டும் வைத்து இருவரை ஒப்பிடுவது, ரன் ரேட் கேட்காமல் ஸ்கோர் மட்டும் கேட்பது போல.

விளம்பரங்களில் வரும் 'முன் - பின்' படங்களிலும் இதைக் கவனியுங்கள். எந்த நாளில் இருந்து எண்ணினார்கள், எத்தனை மாதம் கழித்து எடுத்த படம், ஐந்தாவது வருடம் அவர் எப்படி இருக்கிறார்? மூன்றுக்கும் பெரும்பாலும் பதில் இருக்காது.

நாங்களும் சேர்ந்துதான் கெடுத்தோம்

இதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. 2017 பிப்ரவரியில் எகிப்தில் இருந்து ஒரு பெண் சிகிச்சைக்காக மும்பைக்கு அழைத்து வரப்பட்டார். எடை சுமார் 500 கிலோ என்று சொல்லப்பட்டது. மார்ச் 7-ம் தேதி ஸ்லீவ் சர்ஜரி நடந்தது. அதற்கு முன்பே, ஒரு மாதத்துக்குள், 100 கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு கிலோ கொழுப்பை எந்த உடலாலும் எரிக்க முடியாது. அதில் பெரும்பகுதி தேங்கியிருந்த நீராகத்தான் இருந்திருக்க முடியும். ஆனால் நாங்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாரா வாரம் கிலோவைத் தலைப்பாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில், சொல்லப்படும் எடை உண்மையில்லை என்று அவரது சகோதரியே பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். மருத்துவமனை அதை மறுத்தது. மே மாதம் அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பர் 25-ம் தேதி இறந்துபோனார். எத்தனை கிலோ என்ற சண்டையில், அவர் உடம்பில் வேறு என்னென்ன பிரச்னைகள் இருந்தன என்பது தலைப்புக்கே வரவில்லை.

பம்மல் சொல்லும் பாடம்

2024 ஏப்ரலில், திருநீர்மலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பம்மலில், ஒரு தனியார் மருத்துவமனையில் இதே சிகிச்சைக்காகச் சேர்ந்த புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அவர் எடை 150 கிலோவுக்கும் மேல். அந்த மரணத்துக்கு எது காரணம் என்று இந்தக் கட்டுரை தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வாரம் எங்கள் ஏரியா டீக்கடைகளில் கேட்ட பேச்சு இரண்டே வகைதான். "இந்த ஆபரேஷனே ஆபத்து" என்பது ஒன்று. "வாயைக் கட்டியிருந்தா போதுமே" என்பது இன்னொன்று.

இரண்டுமே பயனில்லாத பேச்சு. அனுபவமுள்ள இடத்தில் செய்தால் இது பெரும்பாலும் பாதுகாப்பான சிகிச்சைதான். ஆனாலும் இது பெரிய ஆபரேஷன். இதயம், தூக்கத்தில் மூச்சுத்திணறல், சுகர், மயக்க மருந்தைத் தாங்கும் திறன் எல்லாவற்றையும் பார்த்த பிறகே செய்ய வேண்டியது. மெதுவாகப் போகும் அந்தத் தயாரிப்பு வாரங்களை "வேஸ்ட்" என்று நினைத்து அவசரப்படுத்தக் கூடாது. பின்பும் அப்படியே. வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வரலாம், முடி கொட்டலாம், தசை கரையலாம். வேகம் கூடக்கூட புரதமும் வைட்டமின் மாத்திரையும் முக்கியமாகின்றன. வைட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி விஷயத்தில் இது பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியது.

அப்போ எடையே பார்க்க வேண்டாமா?

பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். முதல் சில மாதங்களில் பல வாரங்கள் எடை நகரவே இல்லை என்றாலும், ஒரேயடியாகச் சரிந்தாலும், டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். வாந்தி விடாமல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே போங்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கும் ஆபத்து அதில் இருக்கிறது.

இன்னொரு நடைமுறை விஷயம். 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ வெளியிட்ட விதிகளின்படி, மருத்துவக் காப்பீட்டில் உடல் பருமன் ஆபரேஷனுக்கு கவர் கிடைக்க பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கட்டுக்குள் வராத சுகர், இதய நோய், கடுமையான மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால் 35. கூடவே, ஆபரேஷன் அல்லாத வழிகளில் முயன்றும் பலன் இல்லை என்றும் காட்ட வேண்டும். அதனால் டயட்டீஷியன் சீட்டு, பழைய எடைப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் 'தோல்வி'களும் ஆவணம்தான்.

கடைசியாக, சுற்றியிருக்கும் நமக்கு. தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். உங்கள் வீட்டிலோ, பக்கத்து சீட்டிலோ இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் "எவ்ளோ குறைஞ்சுது?" என்று கேட்பதை நிறுத்தலாம். சுகர் மாத்திரை குறைஞ்சுதா, முட்டி வலி எப்படி இருக்கு, ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்கலாம்.

அக்கா போன மாதம் திருநீர்மலை படிக்கட்டில் நடுவில் ஒரே ஒருமுறை உட்கார்ந்து, மேலே ரங்கநாதர் சன்னதி வரை ஏறிவிட்டார். கல்யாணம் ஆனதில் இருந்து கீழே நீர்வண்ணப் பெருமாளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். அந்த வாரமும் மெஷினில் நம்பர் நகரவில்லையாம். "நகராட்டிப் போகுது தம்பி" என்றார்.