பொம்மைப் படை வாலிபர்க்குத் தகுமோ?

மனிதன் ஒரு பருவத்தினின்று மற்றொரு பருவத்திற் புகுங்கால், முன்னைப் பருவத்தின் இன்பங்களை நாணத்தோடு மறைத்து வைத்தல் இயல்பு. பட்டம் விட்டுத் திரிந்த சிறுவன், மீசை அரும்பியபின் அப்பட்டத்தை ஏறிட்டுப் பார்ப்பதும் இழுக்கென எண்ணுகிறான். இவ்வாறு மறைக்கப்படுவன யாவும் மறைக்கத்தக்கனதாமோ என்பதே யான் ஈண்டு ஆராயப் புகுவது. அதற்கு எடுத்துக்காட்டாக, மேசைமேல் சிறு உருவப் படைகளை அணிவகுத்துப் போர் புரியும் விளையாட்டினைக் கொள்கின்றேன். சிரிக்க விரும்பும் நண்பர்கள் முதலிற் சிரித்துவிட்டுப் பின்னர்ச் செவி சாய்ப்பாராக.

இவ்விளையாட்டு நம் நாட்டிற் பெரிதும் வழங்குவதன்று. ஆகலின் சிறிது விளக்குதல் வேண்டும். சதுரங்கத்தில் அறுபத்துநான்கு கட்டங்கள் உண்டு. இதில் கட்டமே இல்லை. மேசையே நாடு. அதன்மேல் அட்டையால் வீடும், குச்சியால் மரமும், நீலத் துணியால் ஆறும் அமைப்பர். ஏறத்தாழ ஓரங்குல உயரமுள்ள வீரர்களை அளவுகோலால் அளந்து நகர்த்துவர். எய்தது பட்டதோ தவறியதோ என்பதைப் பகடை தீர்க்கும். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் 1812ஆம் ஆண்டில் தம் மன்னருக்கு இத்தகையதொரு போர் மேசையைச் செய்தளித்தார். பீரங்கிப் படை அதிகாரியாயிருந்த அவர்தம் மைந்தர் அதனைத் திருத்தி 1824ஆம் ஆண்டில் விதிநூலாக வெளியிட்டார். அன்று அது படைத்தலைவர்க்குரிய பயிற்சி. அதனைப் பொழுதுபோக்காக இல்லந்தோறும் கொண்டுவர முயன்றவர் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர்.

வெல்ஸ் 1913ஆம் ஆண்டில் ‘சிறு போர்கள்’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு, உலகறிந்த ஆசிரியர், இரு ஆண்மக்களை வளர்த்து வந்தவர். அவர் தரையிற் படுத்து, மரத்துண்டுகளை எறியும் விற்சுருள் பீரங்கியால் எதிரியின் பொம்மைகளைக் குறிபார்த்தார். காலாள் ஒரு முறைக்கு ஓரடியும், குதிரை வீரன் ஈரடியும் செல்லலாம் என்று விதி வகுத்தார். அந்நூலின் இறுதியில் அவர் கூறுவது விளையாட்டன்று. சிறு போரைச் சில முறை ஆடிப் பார்த்தவன், பெரும் போர் எத்துணை மடமை நிறைந்ததென உணர்வான் என்பதே அவர் கருத்து. மறு ஆண்டே, 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஐரோப்பா பெரும் போரில் வீழ்ந்தது. நூல் பயனற்றுப் போயிற்றென்று சிலர் கூறலாம். நோயைத் தடுக்கவில்லை என்பதற்காக வைத்தியன் நோயை அறிந்து கூறியது பொய்யாகுமோ?

இனி, இவ்விஷயத்தில் எனக்கென்ன உரிமை என்று வினவுவார்க்குச் சிறிது என் வரலாறு கூறுகின்றேன். யான் ஒரு போதகரின் மகன். சில ஆண்டுகளுக்கொரு முறை எந்தையார் ஒரு சேகரத்தினின்று மற்றொரு சேகரத்திற்கு மாற்றப்படுவார். வீடும் பள்ளியும் நண்பரும் மாறுவர். மாறாமல் எங்களோடு வந்தது ஒரு தகரப் பெட்டி. அதனுள் அண்ணனும் யானும் சேர்த்த பிளாஸ்டிக் வீரர்கள் இருந்தனர். எந்த ஊர்க்குப் போயினும் முதல் மாலையே அவர்களைத் தரையில் நிறுத்துவோம். பின்னரே அவ்வூர் எங்கள் ஊராகும்.

எனக்குப் பதினாறு வயது நிகழ்ந்தபோது அண்ணன் இந்தியத் தரைப்படையிற் சேர்ந்தான். அவன் புறப்பட்ட அன்றே பெட்டியைப் பரண்மேல் ஏற்றினேன். மெய்யான துப்பாக்கியை அவன் ஏந்தியிருக்க, யான் பொம்மையை நகர்த்துவது அவனை எள்ளி நகையாடுவதாகுமென்று எண்ணினேன். பின்னர்க் கல்லூரி, விடுதி, தேர்வு என்று நாட்கள் ஓடின. சங்க இலக்கியத்திற் போர்ப் பாடல்களைப் படித்தேன். திணையும் துறையும் மனப்பாடம் செய்தேன். வேறொன்றும் என் உள்ளத்திற் புகவில்லை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அண்ணன் வந்திருந்தான். பேச்சுக் குறைந்திருந்தான். மூன்றாம் நாள் பிற்பகல், “தம்பி, நம் பழைய படை எங்கே?” என்றான்.

“பரண்மேல் இருக்கிறது, அண்ணா. இன்னுமா அது?” என்றேன்.

அவனே ஏணி வைத்து இறக்கினான். மாலை ஆராதனை மணி அடிக்கும் வரையில் ஆடினோம். சிறுவராயிருந்தபோது அவன் எப்போதும் முன்னேறித் தாக்குவான். அன்றோ ஒவ்வொரு வீரனையும் சுவர் மறைவில் நிறுத்தி, “இவனை அங்கே அனுப்பினால் திரும்ப மாட்டான்” என்று கூறிக் கூறியே நகர்த்தினான். “உனக்கு இது கசக்கவில்லையா?” என்று கேட்டேன். அவன் விழுந்து கிடந்தவர்களைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டே, “இவர்களை எல்லாம் எண்ணிப் பார்த்தேன், ஒருவனும் குறையவில்லை” என்றான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை; யானும் கேட்கவில்லை.

விடுமுறை கழிந்து கல்லூரிக்கு மீண்டபின் நெடுநல்வாடையைத் திரும்பப் படித்தேன். பாண்டியன், வாடை வீசும் நள்ளிரவில் உறங்காமல், புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் பகுதியை முன்னும் படித்துள்ளேன். ஆயினும் அம்மன்னன் எதற்காக உறங்கவில்லை என்பது அண்ணனோடு ஆடிய அந்தப் பிற்பகலுக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று. பழைய விளையாட்டின்மேல் எனக்கிருந்த ஆர்வம் மீண்டது இவ்வாறே. மீண்டதென்பேனாயினும், அது பழைய ஆர்வமன்று. அன்று வெல்வதற்காக ஆடினேன். இன்று ஒவ்வோர் உருவத்தையும் கீழே வைக்குமுன் சற்றுச் சிந்திக்கின்றேன்.

இதற்குத் தடை கூறுவார் மூவகையினர். முதல் வகையினர், குழந்தைக்குரியவற்றை விட்டொழித்ததாகப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்துக் காட்டுவர். அவ்வதிகாரம் முழுவதும் அன்பைப் பற்றியதென்பதை அவர்கள் மறத்தலாகாது. விடவேண்டியது குழந்தையின் குறைவுள்ள அறிவேயன்றிக் குழந்தையின் மகிழ்ச்சியன்று. மேலும், ஸ்டீவன்ஸன் 1881ஆம் ஆண்டின் குளிர்காலத்தைச் சுவிட்ஸர்லாந்தில் தாவோஸ் என்னும் மலையூரிற் கழித்தார். வயது முப்பத்தொன்று, நுரையீரல் நோய், மணமாகி ஓராண்டே கடந்திருந்தது. அங்கே மனைவியின் முன்னை மணத்து மைந்தனாகிய பதின்மூன்று வயதுச் சிறுவனுடன் மேன்மாடத் தரையில் ஈயப் படைகளை நடத்தினார். போர்ச் செய்திகளைப் பத்திரிகை நடையில் எழுதி மகிழ்ந்தார். பாதியில் நின்றிருந்த ‘புதையல் தீவு’ என்னும் கதையை எழுதி முடித்ததும் அவ்வூரிலேயே. மாற்றான் மகனைத் தன் மகனாக்கிக்கொள்ள ஒரு நோயாளி கண்ட வழியைக் குழந்தைத்தனமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் வகையினர், காலமும் பணமும் வீணென்பர். இங்கிலாந்தில் விற்கும் உருவங்கள் விலை மிக்கன என்பது மெய்யே. அவற்றை வாங்கவேண்டுமென்பது விதியன்று. அட்டையை வெட்டியும் களிமண்ணைப் பிசைந்தும் படை சமைக்கலாம். ஹாவர்த் என்னும் ஊரில் குருவாயிருந்த பிரான்டி 1826ஆம் ஆண்டில் தம் மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். சார்லட் என்னும் பத்து வயதுச் சிறுமி ஒன்றை எடுத்து அதற்கு வெலிங்டன் கோமான் என்று பெயரிட்டாள். அப்பொம்மைகளைச் சுற்றி அக்குழந்தைகள் நாடுகளையும் அரசுகளையும் கற்பித்து, சின்னஞ்சிறு புத்தகங்களில் எழுதி நிரப்பினர். 1847ஆம் ஆண்டில் ‘ஜேன் அயர்’ எழுதிய கை அதே கை. அது வீணான பணமென்று எவரே கூறுவர்?

மூன்றாம் வகையினர் கூறுவதே கனமானது. போர் மாந்தர் துயரம். அதை விளையாட்டாக்குதல் சமாதானப் பிரபுவின் அடியார்க்கு அடுக்குமோ என்பர். இதனை யான் எளிதில் ஒதுக்கேன். இரண்டாம் உலகப் போரில் கவசவண்டிப் படையில் ஊழியஞ்செய்த டொனால்டு பெதர்ஸ்டன் என்பாரே 1962ஆம் ஆண்டில் இவ்விளையாட்டைப் பற்றி நூலெழுதிப் பலர்க்கு வழிகாட்டினார். போரை அறிந்தவர் எல்லாரும் இதனை வெறுக்கவில்லை என்பதற்கு அவர் சான்று. எனினும் எல்லை வேண்டும். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற ஈழப்போரை மேசைமேற் பரப்பிப் பகடை எறிய என் கை துணியாது. எப்போரில் மாண்டார்க்காக இன்னும் தாயர் அழுகின்றனரோ, அப்போரை ஆடுதல் ஆகாது. நெப்போலியன் காலத்துப் போரும், எந்நாட்டிலும் நிகழாத கற்பனைப் போரும் நமக்குப் போதும். வெற்றியைக் கொண்டாடுமுன் வீழ்ந்த உருவங்களை இரு கட்சியாரும் சேர்ந்து எண்ணுதல் என்னும் விதியொன்றையும் யான் சேர்த்துக்கொண்டேன்.

ஓடவும் தாண்டவும் வல்லார்க்கு நம் கல்லூரியில் மைதானம் உண்டு. கோப்பையும் பதக்கமும் உண்டு. ஓடமாட்டாதார்க்கும், ஊரை விட்டுப் புதிதாக வந்து எவரோடும் பேசக் கூசுவார்க்கும் விடுதிப் பொது அறையில் ஒரு மேசை அளித்தால் என்ன? நேர்முகமாகப் பேச நாணுகின்றவன், மேசையின் எதிர்ப்புறத்தில் நின்று ஆற்றையும் பாலத்தையும் பற்றிப் பேசத் தொடங்குவான். பின்னர்த் தன் வீட்டைப் பற்றியும் பேசுவான். யானும் என் அண்ணனும் அவ்வாறே பேசத் தொடங்கினோம்.

ஆதலின், வாழ்க்கை மாறும்போது கைவிட்ட களிப்புக்களை ஒருமுறை பரணிலிருந்து இறக்கிப் பார்த்தல் தகும் என்பதே எனது துணிபு. சில வெறும் பொம்மைகளாகவே தோன்றும். அவற்றைத் தம்பியர்க்குக் கொடுத்துவிடலாம். சில நம்மோடு வளர்ந்திருக்கும், அவற்றை வைத்துக்கொள்ளலாம். எங்கள் தகரப் பெட்டி இப்போது விடுதியில் என் கட்டிலின் கீழ் இருக்கிறது. அண்ணன் அடுத்த விடுமுறைக்கு வருமளவும் அதன் எண்ணிக்கை குறையாமற் காப்பது என் கடன். எல்லைக்கண் நிற்கும் எல்லார் தமையன்மாரையும் எண்ணிக்கை குறையாமற் காத்தருளுமாறு கர்த்தரை வேண்டுகின்றேன்.