கைம்பெண் ஆனபின் ஒரு முத்திரை

பழைய வெள்ளிப் பாத்திரம் சேகரிப்பவர்களிடம் ஹெஸ்டர் பேட்மன் என்று சொன்னால் போதும், முகம் மலரும். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் பன்ஹில் ரோவில் இருந்த அவரது பட்டறையிலிருந்து வந்த தேநீர்க் கெண்டிகளும் காப்பிக் கூஜாக்களும் அழகானவைதாம். விளிம்பில் மணி கோத்ததுபோல் ஒரு வரிசை, உடம்பில் ஒளி தெறிக்கும் மெல்லிய செதுக்கல், கை சுடாதிருக்க மரக் கைப்பிடி. பாத்திரத்தோடு ஒரு கதையையும் சேர்த்தே விற்கிறார்கள்: கணவன் இறந்ததும் தொழிலை எடுத்து நடத்திய கெட்டிக்கார விதவை.

எனக்குக் கோபம் இந்தக் கதையின் மீதுதான்.

ஜான் பேட்மன் 1760இல் இறந்தார். தன் கருவிகளை மனைவிக்கு எழுதிவைத்திருந்தார். 1761இல் ஹெஸ்டர் தன் பெயரெழுத்து முத்திரையைப் பொற்கொல்லர் மன்றத்தில் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஒருத்தி ஒரே வருடத்திலா தொழில் கற்றாள்? கருவி பிடிக்கத் தெரியாதவளுக்கா கருவியை எழுதிவைப்பான்? அப்படியானால் அதற்கு முந்தைய அத்தனை வருட உழைப்பு யார் கணக்கில் ஏறியது? மணமான பெண்ணை அந்நாட்டுச் சட்டம் தனி ஆளாகவே கருதவில்லை. அவள் ஈட்டியது கணவனுடையது. அந்தப் பிடி தளரத் தொடங்கியதே 1870இல்தான். நம் ஊரில் கைம்மை வந்தால் பொட்டையும் பூவையும் பறித்தார்கள். அங்கே கைம்மை வந்தபிறகுதான் பெயரே கிடைத்தது. இதைச் சாதனைக் கதை என்று எப்படிக் கொண்டாடுவது?

இன்னொரு கூட்டமும் உண்டு. 'அவரே சுத்தியல் பிடித்தாரா? மகன்களும் வேலையாட்களும்தானே செய்திருப்பார்கள்?' என்று சந்தேகப்படும் அறிஞர் கூட்டம். இருக்கட்டும். பால் ஸ்டார் பெரிய தொழிற்கூடமே நடத்தியவர். அவர் முத்திரை விழுந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் அவரே அடித்தார் என்று எவரும் நம்பவில்லை. ஆனாலும் அவர் மேதை. ஹெஸ்டர் மட்டும் நிர்வாகி.

ஆங்கிலேயர் வீட்டு மேசையில் தேநீரை ஊற்ற முன்வருகிறவர், ஆணே ஆனாலும், 'நான் அம்மாவாக இருக்கிறேன்' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஊற்றுகிறவள் அம்மா என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. கெண்டியைச் செய்தவள் அம்மா என்றால்தான் சான்று கேட்கிறார்கள்.

1790இல் ஹெஸ்டர் ஓய்வு பெற்றார். மறு வருடம் மகன் ஜோனதன் இறந்தார். அதன்பின் கணவனின் சகோதரர் பீட்டரோடு சேர்த்து, மருமகள் ஆனின் பெயரெழுத்தும் முத்திரையில் ஏறியது. அதற்குள் அவரும் கைம்பெண் ஆகியிருந்தார்.