சிவப்பாக இருப்பதெல்லாம் ஆயில் அல்ல

கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியை எட்டும். ஆனாலும் வாளையாறு - வடக்கஞ்சேரி நால்வழிச் சாலையில் சீறும் 'ரீமேப்' கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி அவ்வளவாகத் திணறுவதில்லை. எதிர்க்காற்று சூட்டைத் தணித்துவிடும். அதே கார் இடுக்கி எல்லைக்குப் போகும்போதுதான் வினை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஏலத்தோட்ட ஜீப் ஒன்று ஊர்ந்தால், 300 குதிரைத்திறன் காரும் பின்னால் ஊர வேண்டியதுதான்.

ஏற்றத்தில் மெல்ல ஊரும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் வழுக்கிச் சுழல்கிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேராத சக்தி சூடாக மாறுகிறது. 80, 90 டிகிரியில் இருக்க வேண்டிய ஆயில் 120-ஐத் தாண்டினால் சீக்கிரமே கருத்து, தீய்ந்த வாடை அடிக்கும்.

உடனே 'ரேஸிங்' என்று எழுதிய விலை உயர்ந்த டப்பாவைத் தேடுவார்கள். பெரும்பாலும் வீண் செலவு; சில சமயம் விபரீதம். இந்த ஆயில் வெறும் மசகு அல்ல. கிளட்ச் தட்டுகள் எப்படிப் பற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் கொண்டுவந்த டெக்ஸ்ரான் மென்மையாகப் பற்றும். அக்காலத்து ஃபோர்டின் 'டைப் எஃப்' வெடுக்கென்று பற்றும். பழைய அமெரிக்கப் பந்தயக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. அந்தப் புகழை நம்பி இன்றைய பெட்டியில் ஊற்றினால் உதறல்தான் மிச்சம்; இன்றைய லாக்-அப் கிளட்ச், கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு நழுவியபடியே பற்ற வேண்டியது.

ஃபார்ச்சூனரின் ஆறு கியர் பெட்டி கேட்பது டொயோட்டா டபிள்யூ.எஸ். இசட்.எஃப். எட்டு கியர் பெட்டிக்கு லைஃப்கார்டு 8. சி.வி.டி.க்கும் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கும் தனித்தனி ஆயில். நிறத்தைப் பார்த்து ஊற்றுகிற மெக்கானிக்கிடமிருந்து விலகி நிற்பது நல்லது. 'டெக்ஸ்ரான் 3' டப்பாக்கள் இன்றும் கடைகளில் உண்டு. ஆனால் அந்த ரகத்துக்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-இன் இறுதியோடு நிறுத்திவிட்டது.

சக்தியைக் கூட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவோடு உரசும் சமாச்சாரம் என்பது தனிக்கதை. கூட்டியே தீருவேன் என்பவர் முதல் பணத்தை ஆயில் கூலருக்குச் செலவிடலாம். ஆயில் அதே ரகம். மாற்றும் இடைவெளியை மட்டும் பாதியாக்க வேண்டும். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று கார் கம்பெனிகள் சொன்னாலும், பெட்டியைத் தயாரிக்கும் இசட்.எஃப். 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. அதுவும் சாதாரண ஓட்டத்துக்கு.

ஏறும்போது கெட்ட ஆயில் கணக்கைத் தீர்ப்பது இறங்கும்போது. கிளட்ச் நழுவினால் தாழ்ந்த கியரில் போட்டும் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மொத்தப் பாரமும் பிரேக் மீது. முந்தல் வரை இறக்கம்தான்.