எல்க் வேட்டையும் முன்னேற்பாடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பாகத்திலும் மத்திய பாகத்திலும் வசிக்கும் வேட்டைப் பிரியர்களில் அநேகர், ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மேற்கு நோக்கிப் பிரயாணஞ் செய்து, ராக்கி மலைத்தொடரில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடி வருகின்றனர். பென்ஸில்வேனியாவிலிருந்து கொலராடோ மலைகளுக்குச் செல்பவர் ஏறத்தாழ 1,500 மைல் மோட்டாரில் போக வேண்டும். இவ்விஷயத்தை விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். களத்தைச் செப்பனிடாமலும், ஆளையும் வண்டியையும் திட்டஞ் செய்யாமலும் அறுவடைக்கு இறங்கிய குடியானவனின் நெல், மழையில் நனைந்து முளைப்பதை நாம் கண்டிருக்கிறோம். தூர தேசத்து வேட்டைக்காரனுக்கு நேரும் நஷ்டமும் அத்தன்மையதே. சுட்ட விலங்கின் இறைச்சி முழுவதையும் கெடாமல் வீடு சேர்க்க முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளாதவனுக்கு அதைச் சுட உரிமையில்லை என்பது எனது திடமான அபிப்பிராயம். நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை தடுக்கப்பட்டிருக்கிறதாகையால், இங்கே சொல்லப்படுவன யாவும் அந்நாட்டு முறையைப் பற்றியனவே.

முதலில் விலங்கின் தன்மையை அறிதல் நலம். ஐரோப்பாவில் எல்க் என்னும் பெயர் வேறொரு மானைக் குறிக்கும். அதை அமெரிக்கர் மூஸ் என்பர். அமெரிக்க எல்க்கை அந்நாட்டுப் பூர்வ குடிகளாகிய ஷானி ஜாதியார் வாபிடி, அதாவது வெண்மையான பின்புறமுடையது, என்று அழைத்தனர். இது நம் மலைகளிலுள்ள கடமானுக்கு உறவான இனம். ஆயினும் அதனினும் பெரியது. வளர்ந்த ஆண் ஏறக்குறைய 700 ராத்தல் நிறையும், தோளளவில் 5 அடி உயரமும் உடையது. பெண் 500 ராத்தல் இருக்கும். கோடையில் உயர்ந்த மலைப் புல்வெளிகளில் மேய்ந்து, பனி மிகுந்தபின் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவரும்.

ஐரோப்பியர் குடியேறுமுன் ஒரு கோடி எல்க் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. 1900-ஆம் வருஷத்தையொட்டி அத்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைந்துவிட்டது. காடுகள் அழிந்ததும், இறைச்சி வியாபாரத்துக்காக வரைமுறையின்றிக் கொன்றதும் இதற்குக் காரணங்கள். மேல்வாயிலுள்ள தந்தம் போன்ற இரண்டு பற்களைக் கடிகாரச் சங்கிலியில் பதித்து அணியும் நாகரிகம் பரவியபோது, அப்பற்களுக்காகவே விலங்கைச் சுட்டு, உடல் முழுவதையும் அழுக விட்டவர்களும் உண்டு. கிழக்குப் பாகத்து எல்க் வகை அடியோடு அற்றுப்போயிற்று.

பின்னர் சட்டங்கள் வந்தன. களவாக வேட்டையாடியதை ராஜ்யம் விட்டு ராஜ்யம் கொண்டுசென்று விற்பதை 1900-இல் இயற்றிய லேஸி சட்டம் தடுத்தது. 1912-இல் வையோமிங் ராஜ்யத்தின் ஜாக்ஸன் பள்ளத்தாக்கில் எல்க்குகளுக்கென்றே சரணாலயம் ஒன்று ஏற்பட்டது. 1937-ஆம் வருஷத்துப் பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டத்தினால், வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 சதவிகித வரி வனவிலங்கு அபிவிருத்திக்கு ராஜ்யங்களிடையே பங்கிடப்பட்டு வருகிறது. லைசென்ஸுக் கட்டணமும் இதனுடன் சேருகிறது. இன்று வட அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் எல்க் உள்ளன. வீணாக்கியதால் குறைந்த மந்தை, வீணாக்காமையை விதியாகக் கொண்டபின் பெருகிற்று. இவ்வரலாற்றை மறந்து மலையேறுபவன், பிறர் சேர்த்த முதலைச் செலவழிப்பவனே ஆவான்.

இனி முன்னேற்பாடுகளைக் கவனிப்போம். ஐப்பசி வேட்டைக்கு வேலை தை மாதத்திலேயே தொடங்குகிறது. வெளி ராஜ்யத்தார் லைசென்ஸுக்கு மனுச் செய்ய வேண்டிய கெடு பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடிந்துவிடும். நல்ல பகுதிகளுக்குச் சீட்டுக் குலுக்கல் உண்டு. ஒரு வருஷம் கிடைக்காதவர்களுக்கு மறு வருஷத்தில் முந்துரிமை அளிக்கும் முறையும் பல ராஜ்யங்களில் இருக்கிறது. உள்ளூரார் செலுத்துவதைப்போல் பன்மடங்கு கட்டணத்தை வெளியார் செலுத்த வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1-ஆம் தேதியிலோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சி அத்தாட்சி காட்ட வேண்டும். அங்கு ரைபிள் வேட்டைக் காலத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது ரோஜா வர்ண உடையும், அவ்வாறே தலையணியும் தரிக்க வேண்டும். வையோமிங்கில், சட்டப்படி வனாந்தரமென்று ஒதுக்கப்பட்ட காடுகளுக்குள் வெளியார் வழிகாட்டியின்றிப் பெரிய விலங்குகளை வேட்டையாடலாகாது. இவற்றை முன்பே வாசித்தறியாதவன், ஆயிரத்தைந்நூறு மைல் போனபின் வாசலிலேயே தடுக்கப்படுவான்.

இரண்டாவது, நிலத்தின் எல்லை. இது நமது கிராம அதிகாரிகளுக்கு நன்கு விளங்கும். மேற்கு ராஜ்யங்களில் நிலம் 640 ஏக்கர் கொண்ட ஒரு சதுர மைல் கட்டங்களாக அளக்கப்பட்டிருக்கிறது. 1862-ஆம் வருஷத்து ரயில்வேச் சட்டத்தின்படி, இருப்புப்பாதையின் இருபுறத்திலும் ஒன்றுவிட்டு ஒரு கட்டம் ரயில்வே கம்பெனிக்கு அளிக்கப்பட்டமையால், அப்பிரதேசம் சதுரங்கப் பலகையைப்போல் தனியார் நிலமும் சர்க்கார் நிலமும் மாறி மாறி அமைந்துவிட்டது. சர்க்கார் கட்டங்கள் மூலையில் மாத்திரம் ஒன்றையொன்று தொடும். 2021-இல் மிஸ்ஸௌரியிலிருந்து வையோமிங்கின் எல்க் மலைக்கு வந்த நான்கு வேட்டைக்காரர்கள், தனியார் மண்ணில் காலூன்றாமல் ஓர் ஏணியின் மூலம் மூலைக்கு மூலை கடந்தனர். அத்துமீறிப் பிரவேசித்ததாக அவர்கள்மேல் வழக்கு நடந்து, 2022-இல் ஜூரிகள் அவர்களைக் குற்றமற்றவர்களென விடுவித்தனர். நிலச் சொந்தக்காரர் தொடுத்த சிவில் வழக்கில், 1885-ஆம் வருஷத்துச் சட்டமொன்றை ஆதாரமாகக் கொண்டு, 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட அப்பீல் கோர்ட்டும் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அவ்வட்டத்துக்கு உட்பட்ட ராஜ்யங்களில்தான் செல்லும். மொன்டானா அதற்கு வெளியே இருக்கிறது. ஆகையால் எல்லை காட்டும் படத்தை வீட்டிலேயே வைத்து ஆராய்தல் வேண்டும்.

தனியார் நிலத்தில் வேட்டையாட விரும்புவோர் கோடையிலேயே சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்பது மரியாதை. குளிர்காலத்தில் எல்க் மந்தைகள் இறங்கிவந்து வைக்கோற் போர்களைத் தின்றும், வேலிகளை உடைத்தும் பண்ணைக்காரர்களுக்குப் பெருஞ்சேதம் விளைவிக்கின்றன. எல்லோஸ்டோன் சுற்றுப்புறத்தில் கன்று வீச்சு நோயையும் அவை மாடுகளுக்குத் தொற்றவைத்திருக்கின்றன. இத்தனையும் பொறுத்து அனுமதி தருபவனிடத்தில், திறந்திருந்த படலைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுச்செல்வதே குறைந்தபட்ச நன்றி.

மூன்றாவது, தேகம். எல்க் வாசஞ்செய்யும் இடங்களில் பல 8,000 அடிக்கும் 11,000 அடிக்கும் இடைப்பட்டவை. கடல்மட்டத்தை அடுத்த ஊர்களிலிருந்து வருபவர்க்கு அங்கே தலைநோவு, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உண்டாகலாம். வேட்டை துவங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, தண்ணீர் நன்றாய்ப் பருகி, உடலைப் பழக்குதல் அவசியம். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறலும் இருமலும் மிகுந்தால், தாமதமின்றிக் கீழே இறங்கி வைத்தியரை நாட வேண்டும். அங்கேயே தங்குவது உயிருக்கே ஆபத்து. திடீர்ப் பனிப்புயலுக்காகக் கம்பளி உடையும், தீமூட்டும் சாதனமும் எப்போதும் மேலேயே இருக்க வேண்டும். போகும் வழியையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லவும் வேண்டும். துப்பாக்கியைப் பற்றிச் சுருங்கச் சொன்னால், நீண்ட மோட்டார்ப் பிரயாணத்தில் குறிநோக்கி அசைந்துவிடக்கூடுமாதலால், மலை சேர்ந்தவுடன் இலக்கு வைத்துச் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பழகிய தூரத்துக்கு மேல் உயிருள்ள விலங்கைக் குறிவைக்கலாகாது.

நான்காவதும் முக்கியமானதும் இறைச்சி. பெரும்பாலான வேட்டைக்காரர்கள் துப்பாக்கியையும் உடையையும் பற்றி மாதக்கணக்கில் பேசுகின்றனர்; சுட்டபின் செய்ய வேண்டியதைப் பற்றி ஒரு நாழிகைகூட யோசிப்பதில்லை. எல்க்கின் தோலும் அடர்ந்த மயிரும் உடற்சூட்டை வெளிவிடாமல் காப்பவை. உடனே தோலுரித்துக் கூறுபோடாவிட்டால், குளிர்ந்த இரவிலும் தொடை எலும்பைச் சுற்றியுள்ள சதை உள்ளிருந்தே புளித்துக் கெட்டுவிடும். கூறுகளைக் காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு, ஈ அணுகாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். பாரன்ஹீட் 40 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால்தான் நெடுநாள் பயமில்லை. கரடிகள் நடமாடும் வையோமிங், மொன்டானாப் பகுதிகளில், இறைச்சியை அறுத்த இடத்திலிருந்து அப்புறப்படுத்தி, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் வைப்பது நன்று.

கணக்கும் பார்ப்போம். நல்ல ஆண் எல்க்கொன்றில் எலும்பு நீக்கிய இறைச்சி ஏறத்தாழ 200 ராத்தல் தேறும். சுமைக்கு 50 ராத்தலென்றால் நான்கு சுமை. மோட்டார் இரண்டு மைல் தூரத்தில் நின்றால், சுமையோடு 8 மைலும், வெறுங்கையோடு திரும்ப 6 மைலும் ஆக 14 மைல் மலையில் நடக்க வேண்டும். ஐந்து மைல் உள்ளே போய்ச் சுட்டவனுக்கு அதுவே 35 மைல். துணைவன் ஒருவன் இருந்தால் இரண்டு மைல் தூரத்துக்கு ஆளுக்கு 6 மைலோடு முடியும். தனியாளாக 35 மைல் சுமந்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டால் இறைச்சியின் கதி யாதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது கொலராடோ முதலிய ராஜ்யங்களில் தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

இறைச்சியோடு நோயையும் கொண்டுபோகாமல் காத்தல் வேண்டும். மான் இனங்களின் மூளையைத் தாக்கி மெலிவித்துக் கொல்லும் நோயொன்று 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடத்தில் முதன்முதல் காணப்பட்டு, 1981-இல் காட்டு எல்க்கிலும் வெளிப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக ருசுவில்லை. எனினும் நோயுள்ளதென்று சோதனையில் தெரிந்த விலங்கை உண்ணலாகாதென்று சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். மூளையும் முதுகுத் தண்டும் சேர்ந்த உடலைத் தம் எல்லைக்குள் கொண்டுவருவதைப் பல ராஜ்யங்கள் தடுத்திருக்கின்றன. ஆகவே எலும்பு நீக்கிச் சோதனைக்கு மாதிரி கொடுத்து, பனிக்கட்டிப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுசெல்வதே முறை. அப்பெட்டிகள் வீட்டிலிருந்தே வர வேண்டும்.

கூலிக்கு வழிகாட்டியையும் சுமைக் குதிரைகளையும் அமர்த்திக்கொண்டால் இக்கவலைகள் ஏன் என்று சிலர் கேட்கலாம். ஆயிரக்கணக்கான டாலர் செலவிடக்கூடியவர்க்கு அது தக்க வழியே. அதுவும் ஒரு முன்னேற்பாடுதான். வேட்டையெல்லாம் அதிர்ஷ்டம் என்பார் வேறு சிலர். கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கே விலங்கு கிடைக்கிறது என்பது மெய். மழையும் அவ்வாறே நம் கையில் இல்லை; அதற்காக வரப்பை வெட்டாமல் விடுவோரில்லை. ஓர் எல்க்குக்காக 1,500 மைல் எரிபொருள் செலவழிப்பது தகுமா என்பது மூன்றாவது ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. அவர்களுடைய கட்டணத்தினாலேயே மந்தை பெருகிற்று என்பது அதற்குப் பாதி விடைதான். மறு பாதி அடுக்களையில் இருக்கிறது. 200 ராத்தல் இறைச்சி ஒரு குடும்பத்துக்குப் பல மாத உணவாகுமானால் அப்பிரயாணம் தகும். கொம்பு மாத்திரம் சுவரேறி, சதை மலையில் அழுகுமானால் தகாது.

ஆதலால் நான் சொல்லும் யோசனை எளியது. புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்னதாக 50 ராத்தல் தானியத்தை முதுகுப் பையில் கட்டிக்கொண்டு, அருகிலுள்ள மேட்டு நிலத்தில் இரண்டு மைல் நடந்து பார்க்கட்டும். அதை ஒரே நாளில் நான்கு முறை செய்ய இயலாதவன், பாதைக்கு ஒரு மைலுக்குள் வேட்டையாடட்டும். அல்லது துணைவனையோ குதிரையையோ முன்பே திட்டஞ் செய்துகொள்ளட்டும். இவையொன்றும் இல்லாதபோது, மிகப் பெரிய கொம்புள்ள ஆண் எதிரே வந்து நின்றாலும் துப்பாக்கியைத் தாழ்த்தி அதைப் போக விடுவதே உத்தமம். அது மலையிலேயே இருக்கும். ஏற்பாடுகளோடு வருகிறவனுக்கு மறு வருஷமும் உண்டு.