சிப்பி கட்டிய குடியிருப்பு

பாசாரில் பச்சைச் சிப்பியைக் கிலோ கணக்கில் நிறுத்து விற்கிறார்கள். மலாய்மொழியில் ‘கூப்பாங்’ எனப்படும் இச்சிப்பி என்றதும் அதன் சுவையும் விலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஓர் உயிரினத்தின் மதிப்பைத் தராசில் மட்டும் நிறுத்துப் பார்ப்பது சரியாகுமா? சட்டியில் தரும் சுவையைவிடச் சிப்பி கடலில் செய்யும் வேலை பெரிது என்பதே என் கருத்து. கடற்கரையைப் பற்றி முடிவெடுப்போர் சிப்பியை விளைபொருளாக மட்டுமின்றி, பல உயிர்களுக்கு இடமளிக்கும் குடியிருப்பாகவும் கருத வேண்டும்.

சிப்பிக்குக் கையும் இல்லை, தலையும் இல்லை. ஆயினும், அது கட்டுமானத்தில் வல்லது. தன் பாதத்திலிருந்து சுரக்கும் புரதத்தை உறுதியான இழைகளாக்கி, பாறையிலும் மரத்தூணிலும் தன்னைக் கட்டிக்கொள்கிறது. பல்லாயிரம் சிப்பிகள் இவ்வாறு நெருங்கி ஒட்டும்போது அங்கு ஒரு படுகை உருவாகிறது. வழவழப்பான பாறையில் ஒளிய இடமில்லாத சிறு நண்டு, புழு, நத்தை போன்றவை அப்படுகையின் இடுக்குகளில் குடியேறுகின்றன. நீர் வற்றிய வேளையில் மேலே வெயில் கொளுத்தினாலும் இடுக்குகளில் ஈரம் தங்கியிருக்கும். இச்சிற்றுயிர்களைத் தேடி மீன்கள் வருகின்றன, பறவைகளும் வருகின்றன. அமெரிக்காவின் பசிபிக் கரையிலுள்ள சிப்பிப் படுகைகளை ஆராய்ந்தவர்கள் அவற்றினுள் ஏறக்குறைய 300 வகை உயிரினங்களைக் கண்டறிந்துள்ளனர்.

சிப்பியின் மற்றொரு வேலை நீரை வடிகட்டுவதாகும். அது நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் துகள்களையும் பிரித்தெடுத்து, எஞ்சிய நீரை வெளியேற்றுகிறது. வளர்ந்த சிப்பி ஒன்றே ஒரு மணி நேரத்தில் சில லிட்டர் நீரை வடிகட்டக்கூடும். கலங்கிய நீர் தெளிந்தால் கடற்புல்லுக்கு வெளிச்சம் கிடைக்கும். சிப்பியின் கழிவோ அடியில் படிந்து, அங்கு வாழும் புழுக்களுக்கு உணவாகும்.

அப்படியானால், சிப்பிகள் எவ்வளவு பெருகினாலும் நன்மைதானா? இல்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது கடலுக்கும் பொருந்தும். 1960களில் ராபர்ட் பேய்ன் என்னும் அறிவியலாளர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு சோதனை செய்தார். பாறையின் ஒரு பகுதியிலிருந்து, சிப்பிகளை உண்ணும் நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து அகற்றிவந்தார். உண்பவர் இல்லாததால் சிப்பிகள் பெருகிப் பாறையை ஆக்கிரமிக்கத் தொடங்கின. அப்பாறையில் அவர் கணக்கிட்ட 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன என்று 1966இல் அவர் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. சிற்றுயிர்களுக்கு வீடு தரும் அதே சிப்பி, பாறையில் நேரடியாக ஒட்டி வாழும் உயிர்களின் இடத்தைப் பறித்துக்கொண்டது.

நம் பச்சைச் சிப்பியும் இதற்கு விலக்கன்று. ஆசியக் கடல்களுக்கு உரிய இவ்வினம், 1999இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள தம்பா விரிகுடாவில் காணப்பட்டது. அங்கு மின்நிலையங்கள் கடல்நீரை உள்ளிழுக்கும் குழாய்களை அது அடைத்தது. அவ்விடத்திற்கே உரிய ஆளிகளின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இங்கே குடியிருப்பைக் கட்டும் உயிர் அங்கே தொல்லையாக மாறியது. ஆகவே, ஓர் உயிரினம் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அது எங்கே, எவ்வளவு, யாருடன் வாழ்கிறது என்று கேட்பதே பொருத்தமாகும்.

இக்கேள்வியோடு ஜொகூர் நீரிணையைப் பாருங்கள். மிதவைகளிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு அங்கே சிப்பி வளர்க்கப்படுகிறது. அத்தொழிலை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால், 1924இல் திறக்கப்பட்ட தரைப்பாலம் கல்லைக் கொட்டிக் கட்டப்பட்டதால், நீரிணையின் குறுக்கே நீர் முன்புபோல் ஓடுவதில்லை. நீரோட்டம் மந்தமான இடத்தில் கயிறுகளை நெருக்கித் தொங்கவிட்டால், சிப்பியின் கழிவு அடியில் குவியும்; அது மட்கும்போது உயிர்வாயு குறையும். எனவே, கயிறுகளின் எண்ணிக்கையைச் சந்தைத் தேவை மட்டும் முடிவு செய்யக்கூடாது. நீரோட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

“மக்களுக்கு வீடும் வேலையும் வேண்டும், சிப்பிக்காகக் கடலோர வளர்ச்சியை நிறுத்த முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். துறைமுகமும் வீடுகளும் நமக்குத் தேவை. ஆயினும், கடலை மண்ணிட்டு நிரப்பும்போது நாம் இழப்பது சிப்பியை மட்டுமா? அதை நம்பி வாழும் நண்டும் மீனும், அவற்றைப் பிடித்து வாழும் மீனவரின் வருமானமும் சேர்ந்தே போகின்றன. இந்த இழப்பை ஏட்டில் எழுதாமல் இலாபத்தை மட்டும் எழுதுவது முழுக்கணக்காகாது. திட்டங்களை ஆராய்வோர் சிப்பிப் படுகைகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். தவிர்க்கக்கூடிய இடங்களில் தவிர்க்க வேண்டும்.

நீரின் நிலையைக் காட்டும் சாட்சியாகவும் சிப்பி விளங்குகிறது. 2024 ஏப்ரலில், போர்ட்டிக்சன் பகுதியில் கிடைத்த சிப்பிகளை உண்ட சிலர் நோயுற்றனர். நீரில் பெருகிய நச்சுப்பாசியே அதற்குக் காரணம். அப்பகுதிச் சிப்பிகளை உண்ண வேண்டாமென மீன்வளத் துறை அறிவுறுத்தியது. அது சரியான நடவடிக்கையே. ஆனால், சிப்பியை ஒதுக்கிவிட்டு நீரை மறந்துவிடுவது சரியன்று. சிப்பி தான் வடிகட்டிய நீரில் உள்ளதையே தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. சாட்சி சொன்னதைக் கேட்டு, கடலில் எது கலக்கிறது என்று விசாரிப்பதே அடுத்த கடமை.

அக்கடமையில் நமக்கும் பங்குண்டு. வீட்டு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் இருக்கலாம். கடற்கரைக்குச் செல்லும்போது சிப்பிகளைப் பிடுங்காமல், அவற்றின் இடுக்குகளில் எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்று பொறுமையாக எண்ணிப் பார்க்கலாம். எண்ணத் தெரிந்தவருக்கே இழப்பும் தெரியும். உருவத்தில் சிறியதான சிப்பி, தன்னைச் சுற்றி ஒரு சமூகத்தையே வாழ வைக்கிறது. அச்சமூகத்தின் எல்லையில் மனிதராகிய நாமும் இருக்கிறோம் என்பதை உணர்ந்து, நம் கடலோரத்தைக் காப்போமாக.