பயணச்சீட்டில் யாருடைய எண்?

காசிக்குச் செல்வோர் வீட்டுக் கணக்கை முடித்து, உற்றார் உறவினரிடம் சொல்லிக்கொண்டு, திரும்பி வந்தால் பாக்கியம் என்று புறப்பட்ட காலம் ஒன்று உண்டு. இரயில் வந்த பிறகு அந்த அச்சம் குறைந்தது. விமானம் வந்த பிறகு மறைந்தே போயிற்று. நாமக்கல்லில் விதானமின்றி வெட்டவெளியில் பதினெட்டு அடி உயரத்தில் நின்று அருள்பாலிக்கும் ஆஞ்சநேயரைக் காலையில் சேவித்துவிட்டு, மறுநாள் மாலை கங்கை ஆரத்தியைக் காண்பது இன்று எழுபது வயதினருக்கும் இயலும் செயல். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில், சேவைகள் தொடங்குவதும் நிற்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்து, 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் இறங்கத் தொடங்கியதால் சேலம், நாமக்கல் அன்பர்களுக்குப் பாதி வழி இன்னும் சுருங்கிற்று.

வழி சுருங்கியபோது வேறொரு கவலை வந்து சேர்ந்தது. 2025 டிசம்பர் 3-ஆம் நாள், திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றப்பட்ட அதே நாட்களில், நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. விமானிகளின் பணி நேரம், ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கேற்ப விமானிகள் பணியில் இல்லை. டிசம்பர் 5-ஆம் நாள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கவில்லை. பயணிகள் ஓர் ஊரிலும் அவர்களுடைய பெட்டிகள் வேறோர் ஊரிலுமாகக் கிடந்தன. டிசம்பர் 7 இரவு எட்டு மணிக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், பிரிந்துபோன பெட்டிகளை 48 மணி நேரத்தில் உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஆணையிட்டது. 610 கோடி ரூபாய் திருப்பித் தரப்பட்டதாகவும் சுமார் 3,000 பெட்டிகள் ஒப்படைக்கப்பட்டதாகவும் அறிவிப்பு வந்தது. நாடே கூச்சலிட்ட நேரத்தில் அரசு தலையிட்டது நன்றே. ஆனால் ஒரே ஒரு விமானம் ரத்தாகும் சாதாரண நாளில் எந்த அமைச்சரும் ஆணையிடுவதில்லை. அன்று பயணிக்குத் துணை நிற்பவை விதியும் அவர் கையில் உள்ள தாள்களும் மட்டுமே.

விதி தெளிவாகவே இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வகுத்துள்ளபடி, விமானம் ரத்தாகும் செய்தியை நிறுவனம் இரண்டு வாரங்களுக்கு முன்பே தெரிவித்து, மாற்று விமானமோ பணமோ தர வேண்டும். உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறினால், இவற்றுக்கு மேல் இழப்பீடும் தர வேண்டும். ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. இத்தொகையைக் கேட்டவுடன் முகம் மலர்பவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: மேற்சொன்ன தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். இரண்டாயிரம் ரூபாய்ச் சீட்டுக்கு இரண்டாயிரம்தான். புயல், அரசியல் கொந்தளிப்பு, பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்று நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணமாயின் அந்த இழப்பீடும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பலர் கண்ணில் படாத ஒரு வாசகம் அவ்விதியில் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போது போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்பதே அது. முதியவர்களின் உரிமை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நழுவிப் போகிறது.

ராசிபுரத்திலிருந்து ஒரு முதிய தம்பதியர் காசிக்குப் புறப்படுகின்றனர் என்று கொள்க. சீட்டை எடுத்தவர் அமெரிக்காவில் உள்ள மகன். அல்லது சேலம் நான்கு ரோடு அருகே உள்ள ஒரு பயண முகவர். சீட்டில் பதிவான எண் மகனுடையது, அல்லது முகவருடையது. விமானம் ரத்து என்ற குறுஞ்செய்தி, மகன் அயர்ந்து உறங்கும் அந்நாட்டு நள்ளிரவில் அவர் தலைமாட்டில் ஒலிக்கும். அல்லது முகவரின் கைபேசியில் நூறு செய்திகளுக்கு நடுவே புதையும். தம்பதியரோ வாடகைக் காருக்கு மூவாயிரம் கொடுத்து விமான நிலைய வாசலில் நிற்பார்கள். "நேற்றே தகவல் அனுப்பினோமே" என்று நிறுவனம் சொன்னால், அது பொய்யன்று. ஆகவே சீட்டு எடுக்கும் பொறுப்பு யாருடையதாயினும், பயணம் செய்பவரின் சொந்த எண்ணே அதில் இருக்க வேண்டும். மகனுடைய மின்னஞ்சலும் தந்தையுடைய கைபேசி எண்ணும் என்று பிரித்துக் கொடுத்தால் இருவருக்கும் செய்தி வந்து சேரும். சீட்டு வந்த அன்றே எண்ணைச் சரிபார்த்து, தவறாயின் திருத்தச் சொல்வது ஐந்து நிமிட வேலை.

முகவர்கள் செய்யும் இன்னொரு சிக்கனமும் கவனிக்கத் தக்கது. சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஒரு சீட்டு, பெங்களூரிலிருந்து காசிக்கு வேறு நிறுவனத்தில் தனிச் சீட்டு என்று எடுத்தால் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப் போனால், இரண்டாம் நிறுவனத்துக்கு யாதொரு பொறுப்பும் இல்லை. அதன் கணக்கில் பயணி வரவில்லை, அவ்வளவே. ஒரே பதிவு எண்ணில் இரு பயணங்களும் இருந்தால், இறுதி ஊர் வரை கொண்டு சேர்க்கும் கடமை அந்நிறுவனத்தைச் சாரும்.

தாமதம் பற்றிய விதி எளிது. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் எனில் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். சர்க்கரை நோயாளிகள் பசியோடு நாற்காலியில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோமே, அவர்களில் பலர் கவுன்டருக்குச் சென்று கேட்கவே இல்லை. கேட்பது யாசகமன்று.

இனி, பெட்டி. காசியிலிருந்து திரும்பும் வழியில் பெங்களூரில் சுழலும் பட்டையருகே நிற்கிறார்கள் அத்தம்பதியர். கூட்டம் கலைந்து, பட்டையும் நின்றுவிட்டது.

"ஏனுங்க, நம்ம பொட்டி வரலீங்களே!"

"வரும், பொறு. இல்லீன்னா நாளைக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கலாம்."

அந்த 'நாளைக்கு'தான் ஆபத்து. வெளியே செல்லும் முன்பே, அந்தக் கூடத்திலேயே உள்ள நிறுவனத்தின் மேசையில் புகார் பதிந்து, பி.ஐ.ஆர். எனப்படும் சாமான் குறைபாட்டுச் சீட்டைப் பெற வேண்டும். அதில் உள்ள எண்ணே பிற்பாடு எல்லாவற்றுக்கும் ஆதாரம். பெட்டி உடைந்திருந்தாலும், பூட்டு நெகிழ்ந்திருந்தாலும் அங்கேயே புகைப்படம் எடுத்துக்கொள்ளல் நலம். சேதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்து வடிவில் புகார் தர வேண்டும்; தாமதத்துக்கு, பெட்டி கிடைத்த 21 நாட்களுக்குள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் வராத பெட்டி தொலைந்ததாகவே கருதப்படும். வழக்காடுவதற்கான காலம் இரண்டு ஆண்டுகள். வாய்மொழியாகச் சொன்னதும், தொலைபேசியில் கெஞ்சியதும் இக்கணக்கில் சேராது.

உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலும் சேதமானாலும் நிறுவனத்தின் பொறுப்பு, பயணி ஒருவருக்கு 20,000 ரூபாய் வரைதான். பட்டுப்புடவை இரண்டு இருந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். இன்னொன்று: பணம், நகை, மருந்து, ஆவணங்கள், எளிதில் உடையும் பொருள் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்து ஒப்படைத்தால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் தம் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. எனவே வீட்டுப் பூஜையிலிருந்து எடுத்துச் செல்லும் சாளக்கிராமம், தலைமுறையாக வந்த உருத்திராட்ச மாலை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டியவை. விலையுயர்ந்த ஒன்றை ஒப்படைத்தே ஆக வேண்டுமாயின், கவுன்டரில் அதன் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்த வழி உண்டா என்று கேட்கலாம். அறிவித்த மதிப்பே அப்போது எல்லையாகும்.

இராமேசுவரத்து மணலைப் பிரயாகையில் சேர்த்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வித்து யாத்திரையை நிறைவு செய்வது மரபு. அந்தக் கங்கைச் செம்பு அடங்கிய பெட்டி வராமற்போனால், யாத்திரையே பாதியில் நிற்கிறது. நிறுவனத்தின் ஏட்டில் அது ஒரு செப்புப் பாத்திரம், அரை லிட்டர் தண்ணீர். இந்த வேறுபாட்டை எந்தச் சட்டமும் நிரப்பாது. கணவர் பெட்டியில் ஒன்றும் மனைவி பெட்டியில் ஒன்றுமாக இரு செம்புகளாகக் கொண்டுவருவோர் விவரமறிந்தவர்கள். தேங்காய் விஷயத்திலும் சற்று எச்சரிக்கை வேண்டும். உலர்ந்த கொப்பரை தீப்பற்றும் பொருள் என்று விமானங்களில் தடை செய்யப்பட்டது. சபரிமலை அன்பர்கள் இருமுடித் தேங்காயைச் சோதனைக்குப் பின் தம்முடனேயே கொண்டுசெல்ல 2024 அக்டோபரில் அனுமதி வந்ததும் அந்த மண்டல, மகரவிளக்குப் பருவத்துக்கு மட்டுமான சலுகையாகத்தான்.

விமானம் ரத்தானதும் பெரும்பாலோர் செய்வது, கைபேசியில் நிறுவனத்தின் பெயரைத் தட்டி, முதலில் தோன்றும் எண்ணை அழைப்பது. மோசடிக்காரர்கள் காத்திருப்பது அங்கேதான். வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் போலி எண்களை இணையத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். "உங்கள் பணம் உடனே வரும் சார், நான் அனுப்பும் செயலியை இறக்குங்கள், வரும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்று கனிவாகப் பேசுவர். பத்தாயிரம் திரும்பி வரும் என்று காத்திருந்தவரின் ஓய்வூதியக் கணக்கு அரை மணியில் காலியாகிவிடும். வங்கி நடைமுறையில் மாறாத ஒன்று உண்டு: பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. இரகசிய எண் தேவையே இல்லை. அது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. கட்டணத்தைத் திருப்பித் தரும் எந்த நிறுவனமும் ஓ.டி.பி. கேட்காது, திரையைப் பகிரச் சொல்லாது. அழைக்க வேண்டிய எண் பயணச்சீட்டிலோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ உள்ளது மட்டுமே. ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் தாமதியாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் வங்கியையும் அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மேலும் தொலைவுக்குக் கொண்டுபோகும்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் நீண்டதாக இருக்கத் தேவையில்லை. பதிவு எண், நாள், விமான எண், நடந்தது என்ன, செலவு எவ்வளவு, கேட்பது எவ்வளவு, இவ்வளவே. கோபச் சொற்களால் பயனில்லை. வாடகைக் கார் ரசீதும் விடுதி ரசீதும் அவற்றைவிட உரக்கப் பேசும். பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான வவுச்சரை நிறுவனம் நீட்டினால், ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம். ஆண்டுக்கு ஒருமுறை விமானம் ஏறும் முதியவருக்குக் காலாவதி நாள் உள்ள வவுச்சரைவிடக் கணக்கில் வரும் ரொக்கமே மேல். முகவர் மூலம் எடுத்த சீட்டானாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. "முகவரைக் கேளுங்கள்" என்ற பதில் முடிவான பதிலன்று. கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கோரும் வழியும் உண்டு. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திடீரெனப் பறப்பதை நிறுத்தித் திவால் மனு செய்தபோது, ரொக்கமாகக் கொடுத்தவர்களைவிட அட்டையில் செலுத்தியவர்களுக்கு இந்த ஒரு வாசலாவது இருந்தது.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, அவருக்கு மேல் உள்ள முறையீட்டு அதிகாரி ஆகியோரின் விவரம் இணையதளத்தில் இருக்கும். அங்கும் பதில் இல்லையேல் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியலாம். நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் முதியவர்களுக்குப் பெரிய நன்மை ஒன்றைச் செய்திருக்கிறது: நிறுவனத்தின் தலைமையகம் டில்லியில் இருந்தாலும், புகார் செய்பவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேலத்தாருக்குச் சேலம், நாமக்கல்லாருக்கு நாமக்கல். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் எனில் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

திதி தவறிப்போனால் மட்டும் எந்த ஆணையமும் அதைத் திருப்பித் தராது. கயையில் பிண்டம் இட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேரும்படி சீட்டு எடுப்பதுதான் அதற்குள்ள ஒரே ஏற்பாடு. கூடுதல் இரு நாள் சத்திரச் செலவு பெரிதன்று. போர்டிங் பாஸையும் பெட்டிக்கான ஒட்டுச்சீட்டையும் வீடு வந்த மறுநாளே கிழித்தெறியாமல், அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்தால் தேடும்போது கிடைக்கும்.